பின்வீட்டு இன்வெர்ட்டர்

முன்வீடு
4.2.2025

ரெஜிலாவுக்கு,

உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு மதில். கூப்பிட்டால் கேட்கும். ஆனாலும் இந்தக் கடிதத்தை ஸ்டாம்பு ஒட்டி இரணியல் போஸ்ட் ஆபீசில் போடப்போகிறேன். "இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்" என்று அண்ணனுக்கு வக்கீல் வைத்து எழுதியவள் நீதானே. இருக்கட்டும்.

நேற்று கடையில் ஒரு மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது என் போனுக்கு ஒரு மெசேஜ். ரசலையன் பெயரில் உள்ள மின் இணைப்புக்கு சோலார் மானியம் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதாம். செத்துப்போன அப்பா சோலார் கேட்கிறாரா என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போனேன். அப்புறம்தான் விளங்கிற்று. உன் வீட்டில் மீட்டர் இல்லை. விண்ணப்பத்தில் மீட்டர் நம்பர் கேட்டதும், அப்பா பெயரில் இருக்கிறதே என்று என் வீட்டு நம்பரைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். குவைத்தில் அத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இந்தப் புத்தி எங்கே கிடைத்தது?

தக்கலையில் அந்தக் கடைக்கே போய் விசாரித்தேன். மானியம் என்று சொல்லி உன் தலையில் அவன் கட்டப்பார்ப்பது ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர். லைனில் கரண்டு இருந்தால்தான் அது கண் திறக்கும். லைன் இல்லாவிட்டால் உச்சி வெயிலிலும் சும்மா கிடக்கும். லைனே இல்லாத உன் வீட்டில் அதைச் சுவரில் மாட்டி மாலை போட்டு வைக்கலாம்.

ஈஸ்டருக்குள் அம்மாவை அழைத்துப் போவேன் என்று சபையில் வைத்து என் வீட்டுக்காரி பிரிஜாவிடம் சொன்னாயாம். அம்மாவுக்கு இராத்திரி முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். அது நின்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இன்வெர்ட்டரை நம்பி அம்மாவைக் கொண்டுபோனால் அது கொலை. எழுத்தில் சொல்லிவிட்டேன்.

பெனின்


பின்வீடு
11.2.2025

பெனின் அண்ணனுக்கு,

உன் கடிதத்தை உன் வாசலைத் தாண்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு போஸ்ட்மேன் சிரிக்கிறார். எனக்கு மானம் போயிற்று. உனக்குப் போகாது.

அந்த இன்வெர்ட்டர் வேண்டாம் என்று கடையில் சொல்லியாகிவிட்டது. உன் கடிதம் வரும் முன்பே சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. இல்லை, வந்த பிறகுதான் சொன்னேன். அதற்காக நன்றி எல்லாம் எதிர்பார்க்காதே.

எனக்கு ஏன் மீட்டர் இல்லை? உன் கடிதத்தில் அதை மட்டும் காணோமே. கம்பி உன் நிலத்தின் மேலாகத்தான் வர முடியும், கம்பம் நட நிலத்துக்காரர் ஒரு சம்மதக் கடிதம் தந்தால் போதும் என்று ஈபி ஆபீசில் சொன்னார்கள். நீ தரவில்லை. தென்னையில் உரசுமாம். நடைவழி பத்திரத்தில் எழுதியிருப்பதால் கால் வைக்க விட்டாய், இல்லையென்றால் நான் பறந்துதான் என் வீட்டுக்குப் போக வேண்டும். அப்பன் சொத்தில் பங்கு கேட்டது என் குற்றம். அப்பாவின் நினைவு ஜெபக்கூட்டம் முடிந்து சபை ஐயர் படி இறங்கும் முன்னே, டீயோடு சேர்த்து விடுதலைப் பத்திரத்தை என் முன்னால் நீட்டினாயே, "ஒரு ஒப்புப் போடு மக்கா" என்று, அது குற்றமில்லை.

உன் வாசலை நான் மிதிக்கக் கூடாது. என் வாசலை நீ மிதிக்க மாட்டாய், சத்தியம் செய்திருக்கிறாய். நடுவில் அம்மா. முன்பு ஞாயிற்றுக்கிழமை சபையிலாவது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மாவால் சபைக்கும் வர முடியவில்லை. இப்போது எனக்கென்று இருப்பது அந்த மெஷின் சத்தம் ஒன்றுதான். படுத்துக்கிடந்து அதைக் கேட்கிறேன். ஓடினால் அம்மா இருக்கிறாள். யார் யாரோ பெற்ற அம்மாக்களுக்கெல்லாம் ஆக்சிஜன் வைத்தேன் அண்ணா. என்னைப் பெற்றவளுக்கு வைக்க உன் அனுமதி வேண்டும்.

"எனக்க மவளுக்க வீட்டுல கொஞ்ச நாள் கெடக்கணும்னு அவன்ட்ட சொல்லு" என்று அம்மா கேட்டதை பிரிஜா மைனிதான் சொன்னாள். உன்னிடமும் சொல்லியிருப்பாள். கரண்டு இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று நீ நியாயம் பேசினாயாம். கரண்டை நிறுத்தியவனே பேசுகிற நியாயம்.

வேறு இன்வெர்ட்டர் பார்த்துவிட்டேன். லைன் இல்லாமலே ஓடுவது. ஆயிரத்து நூறு வி.ஏ., ஒரு பாட்டரி. அம்மாவின் மெஷின் முந்நூற்றைம்பது வாட்ஸ். எனக்கும் கணக்குத் தெரியும்.

ரெஜிலா


முன்வீடு
17.2.2025

ரெஜிலாவுக்கு,

உனக்குக் கணக்குத் தெரியாது.

வி.ஏ. என்பது பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிப்பதற்கான நம்பர். அம்மாவின் மெஷினுக்குள் இருப்பது ஒரு கம்ப்ரஸர், அதில் ஒரு மோட்டார். ஓடும்போது முந்நூற்றைம்பதுதான். கிளம்பும்போது மூன்று மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடியில் உன் ஆயிரத்து நூறு கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிடும். தப்பித்தவறிக் கிளம்பினாலும், அந்த விலைக்கு அவன் தருவது வெட்டு வெட்டான கரண்டு. லைட்டு எரியும், ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றும், மோட்டார் மட்டும் உள்ளுக்குள்ளே வெந்து போகும். என் கடைக்கு வரும் மோட்டாரில் பாதி இப்படிச் செத்ததுதான்.

பாட்டரிக்கு வா. அம்மாவுக்கு ஒரு இராத்திரிக்கு நாலு யூனிட் வேண்டும். ஒரு பாட்டரியில் காகிதத்தில் இருப்பதே அதில் பாதிக்கும் குறைவு. அதிலும் பாதியை எடுக்கலாம், மீதியை எடுத்தால் பாட்டரியே போகும். ஜெபம் செய்துவிட்டுப் படுத்தால் முதல் தூக்கம் கலையும் முன்னே மெஷின் நின்றிருக்கும்.

வாங்குவதானால் ஈபி கரண்டு மாதிரியே சீராக வரும் சைன்வேவ் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். மூன்று கே.வி.ஏ., நாலு பாட்டரி போடும் ரகம், கூரைமேல் நாலு பேனல். வெயிலில் ஓட வேண்டும், ஆனால் பின்பக்கம் ஈபி லைன் கொடுக்க இடமும் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாத மாடலைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பான், வாங்காதே.

இதை நீ வாங்குவதற்காக எழுதவில்லை. இது உன்னால் ஆகிற காரியமில்லை என்று தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். அப்பா படுக்கையில் கிடந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியவன் நான். மலம் அள்ளியவள் பிரிஜா. நீ வீடியோ காலில் அழுதாய். அழுது முடித்து வந்து இறங்கி வக்கீல் நோட்டீஸ் விட்டாய். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "அண்ணா, எனக்குப் பங்கு வேணும்" என்று நீ வாய்விட்டுக் கேட்டிருந்தால் நான் என்ன தலையையா சீவியிருப்பேன்?

அம்மா இங்கேயே இருப்பாள்.

பெனின்


பின்வீடு
14.3.2025

பெனின் அண்ணனுக்கு,

வாய்விட்டுக் கேட்டேன். ஜெபக்கூட்டத்து அன்று, அடுக்களையில் வைத்து. "ஏட்டி, ஆளுக இருக்கப்ப இதையா பேசுவ?" என்று கையை ஓங்கினாய். மைனி சாட்சி. நோட்டீஸ் அதற்குப் பிறகு வந்ததுதான்.

உன்னால் ஆகாது என்று எழுதினாய் அல்லவா? ஆயிற்று. நீ எழுதியதையே எழுத்துப் பிசகாமல் வாங்கிவிட்டேன். மூன்று கே.வி.ஏ., சைன்வேவ், நாலு பாட்டரி, நாலு பேனல். இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஈபி லைன் கொடுக்கும் இடமும் இருக்கிறது, வெறும் ஓட்டையாக. கடைக்காரர் கேட்டார், "லைன் இல்லாத வீட்டுக்கு இது என்னத்துக்கு சிஸ்டர்? இது இல்லாம விலை குறைவா இருக்கே." எங்கள் அண்ணனுக்கு என்னைக் குத்திக்காட்ட ஒரு இடம் வேண்டும், அதற்காகத்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மெஷின் என் கையில் இல்லாததால், அதற்குப் பதில் நாலு பழைய நூறு வாட்ஸ் குண்டு பல்பை மாட்டி இராத்திரி முழுக்க எரியவிட்டுப் பார்த்தேன். இந்த வீடு அப்படி எரிந்ததே இல்லை. ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். விடிவதற்கு முன்னே பாட்டரி கத்திவிட்டு எல்லாம் அணைந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கூரைமேல் ஏறிப் பார்த்தேன். மதியச் சோறு உண்டு எழும் நேரத்துக்கெல்லாம் உன் அயனி மரத்து நிழல் என் பேனல் மேல் வந்து படுக்கிறது. சாயங்காலம் வரைக்கும் எழுந்து போவதில்லை.

அந்த மரம் அங்கே நிற்பது உனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதானே என்னை இத்தனையும் வாங்க வைத்தாய்? கம்பிக்கு உன் சம்மதம் வேண்டும், சரி. வெயிலுக்கும் உன் சம்மதம் வேண்டுமா?

மரத்தை வெட்டு.

ரெஜிலா


முன்வீடு
18.3.2025

ரெஜிலாவுக்கு,

வெட்ட மாட்டேன். என் மகளுக்குக் கட்டிலும் அலமாரியும் அந்த அயனியில்தான்.

பேனலைத் தெற்கே பார்த்து வைக்கச் சொன்னது எந்த மடையன்? எல்லாரும் தெற்கு என்றுதான் சொல்வான். அப்படிச் சொன்னவன் வீட்டுக்கு மேற்கே அயனி நிற்கவில்லை. பேனலைக் கழற்றிக் கிழக்கே இருக்கும் உன் துணி துவைக்கும் ஷெட்டின் மேலே கொண்டு போ. மர நிழல் அங்கே வந்து சேர நேரமாகும். முகத்தைக் கிழக்கே திருப்பி வை. காலை வெயிலை முழுசாகப் பிடித்துவிட்டால் மதியத்துக்குள் பாட்டரி நிறையும், அதற்கப்புறம் மரம் எங்கே படுத்தால் உனக்கென்ன? ஷெட்டில் இருந்து வரும் கேபிள் கனமாக இருக்க வேண்டும். மெல்லிய கேபிளைத் தந்து ஏமாற்றப் பார்ப்பான்.

அடுக்களையில் நான் கை ஓங்கவில்லை. கதவைச் சாத்தக் கையை எடுத்தேன்.

உன் குண்டு பல்பு வெளிச்சம் அம்மாவின் சன்னல் வழியாக விழுந்தது. "ஏலே, அவளுக்க வீட்டுல என்னலே, கல்யாணமா?" என்று கேட்டாள்.

பெனின்


பின்வீடு
9.4.2025

பெனின் அண்ணனுக்கு,

பேனல் ஷெட்டுக்குப் போயிற்று. கனமான கேபிள்தான் போட்டிருக்கிறது. நாலு பல்பும் விடிய விடிய எரிகின்றன, ஒரு வாரமாக, ஒரு நாள் தவறாமல். காலையில் நான் கையால் அணைத்தால்தான் அணைகின்றன. நேற்று அதோடு மிக்ஸியையும் போட்டுப் பார்த்தேன். இன்வெர்ட்டர் அசரவில்லை.

அம்மாவுக்கு சன்னல் பக்கத்து அறையை ஒழுங்கு பண்ணிவிட்டேன். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்திருக்கிறேன், படுத்தால் மூச்சு முட்டாது. ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்ததும் வருகிறேன். உன் வாசலை மிதிக்கவில்லை, மதில் பக்கம் நிற்கிறேன். மைனி அம்மாவைக் கைபிடித்துக் கொண்டுவந்து விட்டால் போதும்.

இனி நீ சொல்ல என்ன காரணம் பாக்கி இருக்கிறது?

ரெஜிலா


முன்வீடு
13.4.2025

ரெஜிலாவுக்கு,

மழை.

ஏப்ரல் வெயிலில் எந்த இன்வெர்ட்டரும் ஓடும். ஜூனில் நம்ம ஊரில் சூரியன் நாள்கணக்கில் முகம் காட்டாது. அப்போது உன் பேனல் எதைத் தின்னும்? மழையில் ஓட்டிக் காட்டு, அப்புறம் பேசலாம். அதுவரை அம்மாவை அனுப்ப மாட்டேன். மதில் பக்கம் வந்து நின்று ஊருக்கு வேடிக்கை காட்டாதே.

பெனின்


பின்வீடு
19.6.2025

அண்ணா,

உன் ஏப்ரல் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. ஈஸ்டர் அன்று மதில் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். அப்போது வந்த வார்த்தைகளை எழுதியிருந்தால் நானே அவற்றைப் படித்திருக்க மாட்டேன்.

கேட்டாயே மழை, வந்தது. காற்றில் அயனியின் பெரிய கொப்பு முறிந்து உன் லைனையும் இழுத்துக்கொண்டு கீழே கிடந்தது. மகளின் கட்டிலும் அலமாரியும். உன் வீடு இருட்டாயிற்று. உன் வீட்டிலும் ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறதே, மெஷின் ஓடும் என்றுதான் நினைத்தேன். மெஷின் சத்தம் வந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் எனக்குள் என்ன நின்றது என்று உனக்குத் தெரியாது. மழையில் செருப்பில்லாமல் மதிலுக்கு ஓடி வந்தேன். அந்தப் பக்கம் மைனி அழுகிறாள். "பாட்டரிக்குத் தண்ணி ஊத்தி நாளாச்சாம், இப்பத்தான் சொல்லுகாரு." எனக்குப் பாட்டரியைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதியவன் வீட்டில், பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. கைவசம் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளும் அடியில் கிடந்தது.

நீ அம்மாவைத் தூக்கி மதில் வரைக்கும் வந்தாய். மதிலின் உடைந்த இடத்தில் நின்று என் கையில் கொடுத்தாய். மெஷினைக் கொடுத்தாய். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இந்தப் பக்கம் நான் ஒருத்தி, அம்மாவின் உதடு நீலமாகிக்கொண்டு வருகிறது, நானும் மதில் தாண்டி வந்த மைனியும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், நீ அங்கேயே நிற்கிறாய்! சத்தியமாம். மண்ணாங்கட்டிச் சத்தியம். மெஷினைச் சொருகினேன். இன்வெர்ட்டர் ஒரு உறுமல் உறுமியது, பிறகு பிடித்துக்கொண்டது. அம்மாவின் நிறம் மெல்லத் திரும்பி வந்தது. சன்னல் வழியே பார்த்தால் நீ இன்னும் மழையில் நின்றுகொண்டிருக்கிறாய், என் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு.

மறுநாளும் சூரியன் வரவில்லை. நான் லைட்டும் ஃபேனும் போடாமல் மெழுகுவர்த்தியோடு இருந்து எல்லாவற்றையும் மெஷினுக்கே விட்டேன். இரண்டு இரவு தாங்கிற்று. மூன்றாவது இரவு தாங்கியிருக்காது. அதை மறைக்க மாட்டேன். அதற்குள் வெயில் முகம் காட்டிவிட்டது, உன் லைனையும் சரிசெய்துவிட்டார்கள்.

கரண்டு வந்துவிட்டது, அம்மாவை அனுப்பு என்று மைனியிடம் சொல்லிவிட்டாய். அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு இஞ்ச கொள்ளாம், சொகமா இருக்கு. அவனுக்கு வேணும்னா இஞ்ச வந்து பாக்கட்டு" என்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை இல்லை. நம்பாவிட்டால் வந்து கேள்.

ரெஜிலா


முன்வீடு
24.6.2025

ரெஜிலாவுக்கு,

அம்மாவைத் திரும்பக் கேட்கவில்லை. அவளுக்கு அங்கே கொள்ளாம் என்றால் அங்கே கிடக்கட்டும்.

ஆனால் மூன்றாவது இரவு தாங்காது என்று நீயே எழுதிவிட்டாய். மழை மாதத்தில் நாலு பாட்டரியை நம்பி அம்மாவை விட முடியாது. கம்பம் நட என் சம்மதக் கடிதம், கையெழுத்துப் போட்டு, இதோடு இருக்கிறது. தென்னையில் உரசாமல் எங்கே நடலாம் என்று குச்சி ஊன்றி வைத்திருக்கிறேன். லைன் வந்ததும் அதை இன்வெர்ட்டரின் பின்பக்கம் கொடு. வெயில் இருந்தால் வெயிலில் ஓடும், வெயில் போனால் லைனில் ஓடும், இரண்டும் போனால்தான் பாட்டரி. பின்பக்கம் அந்த இடம் இருக்கிற மாடலைத்தான் வாங்க வேண்டும் என்று பிப்ரவரியில் பின்னே எதற்கு எழுதினேன்? குத்திக்காட்டவாம். கடைக்காரனிடம் போய் அண்ணனைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது?

அயனியை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். கொப்பு போன மரம், இனி நின்றாலும் ஆபத்து. உனக்காக இல்லை.

மெஷின் சத்தம் இங்கே கேட்கிறது. சன்னலைத் திறந்து போட்டிருக்கிறேன். கொசு வருகிறது என்று பிரிஜா சண்டை போடுகிறாள்.

பெனின்


பின்வீடு
26.6.2025

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையில் இருந்த சட்டியைத் தூக்கி எறிந்தேன். சத்தம் கேட்டு அம்மா, "என்னட்டி?" என்றாள். "எனக்கு ஒண்ணுமில்ல, உனக்க மவனுக்குத்தான் கிறுக்கு" என்றேன். "அது பொறக்கப்பவே உள்ளது" என்றாள்.

அப்படியென்றால் பிப்ரவரியிலேயே லைன் தருவதாக மனதில் வைத்துத்தான் அந்த மாடலை வாங்கச் சொன்னாய். மனதில் இருந்ததை ஏன் கையில் எடுக்கவில்லை? அந்தக் கையெழுத்தை அன்றைக்கே போட்டிருந்தால் ஈஸ்டருக்கு அம்மா என் வீட்டில் இருந்திருப்பாள். நான் மதில் பக்கம் தனியாக நின்றிருக்க மாட்டேன். அந்த மழையில் அவள் உதடு நீலமாகியிருக்காது. மனதுக்குள் தந்துவிட்டு வாயால் திட்டிக்கொண்டே இருந்தாய். எனக்கு அதைப் பார்த்து அழுகை வர வேண்டுமா? வரவில்லை. கோபம்தான் வருகிறது. இந்த மாதங்களுக்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. சம்மதக் கடிதத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

கம்பம் ஈபிக்காரர்கள் நடட்டும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் லைனை நீதான் கொடுக்க வேண்டும். அம்மாவின் மூச்சு ஓடுகிற கம்பியில் வேறு ஆள் கை வைக்க விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ. மதிலின் உடைந்த இடத்தில் வந்து நிற்காதே. நடைவழியாக வா, வாசல் வழியாக வா. அம்மா உனக்கு மீன்குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறாள். பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இரண்டு கேன் வாங்கி வைத்திருக்கிறேன். அது உன் வீட்டுக்கு, போகும்போது எடுத்துக்கொண்டு போ.

இனி எழுதாதே. திட்டுவதானால் வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்துத் திட்டு. எனக்கும் திட்ட நிறைய இருக்கிறது.

ரெஜிலா